ஃபேன் மேல பழி போடாதீங்க!

(மூன்றாமாண்டு மின்னணுவியல் மாணவன் ஒருவன்)



இந்தக் கட்டுரையை ஒரு மன்னிப்போடு ஆரம்பிக்க வேண்டியிருக்கு. யாரிடம் மன்னிப்பு, எதுக்கு மன்னிப்பு என்பது போகப் போகத் தெரியும்.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். மூணு பேர் வீட்டில் கேட்டு வாங்கினோம். நாலாவது நண்பன் யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி, ஒரு வருஷமா சேர்த்து வைத்திருந்த காசைக் கொண்டுவந்து கொடுத்தான். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கு.

கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடிச்சு. உள்ளே மட்டும் தூசி அப்பிக் கிடந்தது. "நான் எலக்ட்ரானிக்ஸ்காரன், நான் பார்த்துக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேபினெட்டைத் திறந்தேன். ஹீட் சிங்க்கைக் கழற்றினேன், துடைத்தேன், திரும்ப மாட்டினேன். பின்பக்கத்து ஃபேனையும் கழற்றினேன். கையால் சுத்திப் பார்த்தபோது கொஞ்சம் இறுக்கமா இருக்கற மாதிரி தோணிச்சு. உடனே கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த புது ஃபேன் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன்.

அன்னிக்கே ஆரம்பிச்சது சனி! ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் மாவு மில் மாதிரி அலறியது. சும்மா இருக்கும்போதும் அதே சத்தம். சரி, சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும், சூடாவது குறையுமே என்று விட்டால், சிமுலேஷன் ஓட்டி அரை மணி நேரத்தில் மெஷின் தானே ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடி ஆஃப்!

நேரே கடைக்குப் போனேன். "ஏண்ணே, பழைய சரக்கையும் டூப்ளிகேட் ஃபேனையும் எங்க தலையில கட்டிட்டீங்களே!" என்று நாலு பேர் முன்னாடி கத்தினேன். அந்த அண்ணன் பதில் பேசவில்லை. வேறு ஃபேன் எடுத்துக் கொடுத்தார். அதையும் மாட்டினேன். அதே அலறல், அதே ஆஃப். ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி. பந்தி பரிமாறின நண்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் எங்க லேப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் போய் நின்றேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எல்லாம் சரிப்பா, எதை அளந்து பார்த்தே?"

பதில் சொல்ல என்னிடம் ஒண்ணுமே இல்லை. அதற்கப்புறம் ரெண்டு நாளில் நான் அளந்ததும் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

சூட்டுக்கும் ஓம் விதி உண்டு

முதலாமாண்டில் படித்த ஓம் விதியை மறந்திருக்க மாட்டீங்க. அதை அப்படியே சூட்டுக்குப் போட்டுப் பாருங்க. வாட் கணக்கில் வரும் வெப்பம்தான் கரண்ட். ரெண்டு இடங்களுக்கு நடுவே உள்ள டிகிரி வித்தியாசம்தான் வோல்டேஜ். நடுவில் இருக்கும் தடை, ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்ற கணக்கில் வரும் வெப்பத் தடை.

பிராசஸர் சிப்பிலிருந்து சூடு வெளியே போகும் பாதை ஒரு சீரிஸ் சர்க்யூட். சிப், தெர்மல் பேஸ்ட், ஹீட் சிங்க், கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று, கடைசியாக அறைக் காற்று. இதில் எந்த இடத்தில் தடை கூடினாலும் சிப் சூடாகும்.

ஒரு சின்னக் கணக்கு. பிராசஸர் 65 வாட். சிப்பிலிருந்து கேபினெட் காற்று வரைக்கும் மொத்தத் தடை வாட்டுக்கு 0.5 டிகிரி. 65-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 32.5 டிகிரி. கத்திரி வெயிலில் அறை 38 டிகிரி, கேபினெட்டுக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சிப் 77.5 டிகிரி. பரவாயில்லை, தாங்கும். அதே ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் தடை 0.9 ஆகிவிட்டால்? 58.5 டிகிரி ஏறி, சிப் 103.5-ஐத் தொடும். பல இன்டெல் பிராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்கவில்லை என்றால், பொசுங்கிப் போகாமல் இருக்க மெஷினையே நிறுத்திவிடும்.

இந்தக் கணக்கில் ரெண்டு பாடம் இருக்கு. ஒன்று, பேஸ்ட்டில் உள்ள தடையை ஃபேனால் குறைக்க முடியாது. அது எத்தனை வேகமா சுத்தினாலும் சரி. ரெண்டு, எந்த ஃபேனும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக சிப்பை வைக்க முடியாது. டிசம்பரில் ஒழுங்காக ஓடிய மெஷின் மே மாசத்தில் ஆஃப் ஆனால் ஏதோ புதுசா கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. எல்லையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த மெஷின், வெயிலில் எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

காற்றுக் கணக்கு

கேபினெட்டுக்குள் மொத்தம் 200 வாட் சூடு உண்டாகுது. உள் காற்று அறைக் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. எவ்வளவு காற்று வேணும்? ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1000 ஜூல் தேவை. 200-ஐ, 1.2 பெருக்கல் 1000 பெருக்கல் 10-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.0167 கன மீட்டர், அதாவது 16.7 லிட்டர். வினாடிக்கு ஒரு பக்கெட் காற்று! ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். கணக்கில் சுமார் 35.

"அப்போ 50 சி.எஃப்.எம். ஃபேன் ஒண்ணு போதுமே" என்று தோணும். பெட்டியில் போட்டிருக்கும் எண் திறந்த வெளியில் எதிர்ப்பே இல்லாமல் அளந்தது. முன்னால் வலைக்கம்பி, தூசி ஃபில்டர், நடுவில் ஒயர் குப்பை எல்லாம் வந்தால் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும்.

இன்னொரு சங்கதி. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனா அது காற்றைத் தள்ள எடுக்கும் பவர் எட்டில் ஒரு பங்காகிவிடும். சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் ஒரு ஃபேனை அலறவிடுவதைவிட, ரெண்டு ஃபேனை மெதுவாகச் சுத்தவிடுவது புத்திசாலித்தனம்.

இத்தனை கணக்கும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனால்தான் செல்லும். முன்பக்கம், கீழ்ப்பக்கம் உள்ளே. பின்பக்கம், மேல்பக்கம் வெளியே. இதுதான் பொது விதி. ஃபேனில் எந்தப் பக்கம் காற்று வரும்? மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கால்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். திறந்திருக்கும் பக்கம் உறிஞ்சும் பக்கம். சில ஃபேன்களில் விளிம்பில் அம்புக்குறியும் போட்டிருப்பான்.

நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தேன்! முன்னாலிருந்தும் காற்று உள்ளே, பின்னாலிருந்தும் காற்று உள்ளே. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுத்திச் சுத்தி வந்தது. இதைக் கண்டுபிடித்தது எந்த மீட்டரும் அல்ல, ஒரு ஊதுபத்தி. பத்தியைக் கொளுத்தி ஃபேன் பின்னால் பிடித்தேன். வெளியே தள்ளப்பட வேண்டிய புகை, பாம்பு புற்றுக்குள் போவது மாதிரி நேரா கேபினெட்டுக்குள் போனது. சார் வாய்விட்டுச் சிரித்தார். (சாம்பல் உள்ளே விழாமல், தள்ளிப் பிடிக்கணும்.)

மூணு கம்பி, நாலு கம்பி

காற்றின் திசை தெரிந்துவிட்டது. சரி, அலறல் ஏன்? அதுக்கு ஒயர்களைப் பார்க்கணும்.

வீட்டு சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் நமக்குப் பழக்கம். பழைய பெட்டி ரெகுலேட்டர் ரெசிஸ்டன்ஸ் போட்டு வோல்டேஜைக் குறைக்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ட்ரையாக் வைத்து ஏ.சி. அலையை வெட்டும். கம்ப்யூட்டர் ஃபேனிலும் இதே போல ரெண்டு வழி உண்டு.

மூணு கம்பி ஃபேனில் ஒன்று கிரவுண்டு, ஒன்று 12 வோல்ட், ஒன்று டேக்கோ. வேகத்தைக் குறைக்க ஒரே வழி, அந்த 12 வோல்ட்டையே 9, 7, 5 என்று குறைப்பது. பயாஸில் இதை டி.சி. மோடு என்பார்கள்.

நாலு கம்பி ஃபேனில் 12 வோல்ட் எப்போதும் முழுசா இருக்கும். நாலாவது கம்பியில் பல்ஸ் விட்த் மாடுலேஷன், அதாவது பி.டபிள்யூ.எம். சிக்னல் வரும். இன்டெல் கம்பெனி 2005 செப்டம்பரில் வெளியிட்ட நாலு கம்பி ஃபேன் விதிமுறையின் 1.3-ம் பதிப்பில் இந்த சிக்னலின் ஃபிரீக்வென்சி 25 கிலோ ஹெர்ட்ஸ் என்றும், 21 முதல் 28 வரை இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மனுஷக் காதுக்கு எட்டாத ஃபிரீக்வென்சி என்பதால் மோட்டார் முனகாது. டியூட்டி சைக்கிள் 40 சதவீதம் என்றால் ஃபேன் மெதுவாகும், 100 என்றால் முழு வேகம். நாலாவது கம்பியில் எதுவுமே இணைக்கவில்லை என்றால்? முழு வேகத்தில் ஓடணும் என்பதும் அந்த விதிமுறையிலேயே இருக்கு. சிக்னல் போனாலும் சிப் வெந்துவிடக் கூடாது என்ற பாதுகாப்பு அது.

"மூணு கம்பி ஃபேனிலேயே சப்ளையை வெட்டி வெட்டிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். இந்த மோட்டார் பிரஷ் இல்லாதது. உள்ளே ஹால் சென்சாரும் அதற்கான ஐ.சி.யும் இருக்கு. சப்ளையை வெட்டினால் ஐ.சி.க்கும் கரண்ட் போய்ப் போய் வரும். டேக்கோ பல்ஸும் உளறும். அதனால்தான் கட்டளைக்கென்று தனியாக நாலாவது கம்பி.

நிற விஷயத்தில் ஒரு பொறி இருக்கு, ஜாக்கிரதை! இன்டெல் விதிமுறைப்படி வரும் நாலு கம்பி ஃபேனில் கறுப்பு கிரவுண்டு, மஞ்சள் 12 வோல்ட், பச்சை டேக்கோ, நீலம் பி.டபிள்யூ.எம். ஆனா பெரும்பாலான மூணு கம்பி ஃபேன்களில் கறுப்பு கிரவுண்டு, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் டேக்கோ! ஒன்றில் மஞ்சள் சப்ளை, இன்னொன்றில் மஞ்சள் சிக்னல். இப்போது வரும் பல ஃபேன்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கு. அதனால் நிறத்தை நம்பாதீங்க, பின் வரிசையை நம்புங்க. முதல் பின் கிரவுண்டு, ரெண்டாவது 12 வோல்ட், மூணாவது டேக்கோ, நாலாவது பி.டபிள்யூ.எம். ஹெடரின் பிளாஸ்டிக் தடுப்பு முதல் மூணு பின்களுக்குப் பின்னால்தான் நிற்கும். அதனால் மூணு கம்பி ஃபேனை நாலு பின் ஹெடரிலும், நாலு கம்பி ஃபேனை மூணு பின் ஹெடரிலும் தாராளமா மாட்டலாம்.

மாட்டலாம் என்பதுதான் எனக்கு வந்த வினை. பழைய ஃபேன் நாலு கம்பி. நான் வாங்கியது மூணு கம்பி. பயாஸில் அந்த ஹெடர் பி.டபிள்யூ.எம். மோடில் இருந்தது. மதர்போர்டு 'மெதுவா ஓடு' என்று நாலாவது பின்னில் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்க என் ஃபேனுக்குக் காதே இல்லை! ரெண்டாவது பின்னில் முழு 12 வோல்ட் இருந்ததால் அது பாட்டுக்கு அலறியது. மல்டிமீட்டரை முதல் பின்னிலும் ரெண்டாவது பின்னிலும் வைத்தேன். சாஃப்ட்வேர் 40 சதவீதம் என்று காட்டும்போதும் மீட்டரில் 12 வோல்ட் அசையவில்லை. பயாஸில் டி.சி. மோடுக்கு மாற்றினேன். 1500 ஆர்.பி.எம்.மில் கத்திக்கொண்டிருந்த ஃபேன் 800-க்கு இறங்கி, பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிட்டது.

ரெண்டு ஃபேனும் நல்ல ஃபேன்தான். கடைக்கார அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

உத்தரவு எங்கேருந்து வருது?

ஃபேன் தானாக முடிவெடுப்பதில்லை. அது கடைசி ஆள். முதலில் டெம்பரேச்சர் சென்சார். அதைப் படித்து முடிவெடுப்பது மதர்போர்டில் இருக்கும் சூப்பர் ஐ.ஓ. சிப், நுவோடான், ஐ.டி.இ. கம்பெனிகளின் சிப்களைப் பல போர்டுகளில் பார்க்கலாம். பயாஸில் நாம் போடும் ஃபேன் கர்வ், அதாவது இத்தனை டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்ற அட்டவணைதான் அதற்குச் சட்டம். அதன்படி வோல்டேஜோ பல்ஸோ ஃபேனுக்குப் போகும். ஃபேன் சுத்தும்போது டேக்கோ கம்பி வழியாக ஒரு சுற்றுக்கு ரெண்டு பல்ஸ் திரும்பி வரும். ஹெர்ட்ஸை 30-ஆல் பெருக்கினால் ஆர்.பி.எம். சி.ஆர்.ஓ.வில் 40 ஹெர்ட்ஸ் தெரிந்தால் ஃபேன் 1200 ஆர்.பி.எம்.மில் ஓடுது.

கண்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் போர்டில் வரைந்த ஃபீட்பேக் லூப் இதுதான். ஆனா ஒண்ணைக் கவனிங்க. பெரும்பாலான போர்டுகளில் வேகத்தைத் தீர்மானிப்பது டெம்பரேச்சர்தான்; டேக்கோ திரும்பிச் சொல்வது பார்த்துக்கொள்வதற்கும் அலாரத்துக்கும் மட்டுமே. ஆக, கோளாறு என்று வந்தால் கேள்வி 'ஃபேன் கெட்டுப்போச்சா?' என்பதல்ல. 'இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது?' என்பதே.

நோயும் காரணமும்

நம் லேபிலும் ஹாஸ்டலிலும் அடிக்கடி பார்க்கக்கூடியவற்றைக் கீழே தருகிறேன்.

1. எப்போதும் முழு வேகம்: மூணு கம்பி ஃபேன், பி.டபிள்யூ.எம். மோடு ஹெடர் (என் கதை). அல்லது ஃபேன் நேரே எஸ்.எம்.பி.எஸ். ஒயரில் மாட்டியிருக்கும். நேரே மாட்டினால் வேகக் கட்டுப்பாடும் கிடையாது, பயாஸில் ஆர்.பி.எம்.மும் தெரியாது.

2. ஃபேன் சுத்துது, ஆனா பயாஸ் 'சி.பி.யு. ஃபேன் எரர்' என்று நிற்குது: ஒயரை சி.பி.யு. ஃபேன் ஹெடரில் மாட்டாமல் பக்கத்து ஹெடரில் மாட்டியிருக்கலாம். அல்லது மெதுவாக ஓடும் பெரிய ஃபேனின் வேகம் பயாஸில் போட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கலாம். அந்த அளவைக் குறைத்தால் போதும்.

3. ஆர்.பி.எம். எண் தாறுமாறாகக் குதிக்குது: ஸ்பிளிட்டரில் ரெண்டு ஃபேன் போட்டு ரெண்டின் டேக்கோ கம்பியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். நல்ல ஸ்பிளிட்டரில் ஒரு ஃபேனின் டேக்கோ மட்டும்தான் போர்டுக்குப் போகும்.

4. ஓட முயன்று துடித்துத் துடித்து நிற்குது: வோல்டேஜ் மிகக் குறைவு. கிளம்பத் தேவையான வோல்டேஜ் வேறு, ஓடிக்கொண்டிருக்கத் தேவையான வோல்டேஜ் வேறு. லேப் பவர் சப்ளையில் நான் சோதித்த ஃபேன் 5 வோல்ட்டில்தான் கிளம்பியது. கிளம்பிய பிறகு குறைத்துக்கொண்டே வந்தால் 3.8 வரைக்கும் நிற்கவில்லை. நின்ற பஸ்ஸைத் தள்ளுவதுதானே கஷ்டம்! ஃபேன் கர்வில் குறைந்தபட்ச அளவைக் கிளம்பும் வோல்டேஜுக்கு மேலேயே வையுங்க.

5. அஞ்சு வினாடிக்கு ஒருமுறை ஏறுது, இறங்குது: பிராசஸர் டெம்பரேச்சர் ஒரு கிளிக்குக்கே பத்து டிகிரி தாவும், ஃபேன் அதன் பின்னாலேயே ஓடும். இஸ்திரிப் பெட்டி தெர்மோஸ்டாட்டை நினைச்சுக்கோங்க. ஒரு சூட்டில் ஆஃப் ஆகி, அதைவிடக் குறைந்த சூட்டில்தான் ஆன் ஆகும். அந்த இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ். பயாஸில் அதையோ, ஃபேன் வேகம் ஏற எடுக்கும் நேரத்தையோ கூட்டினால் ஆட்டம் நின்றுவிடும்.

6. கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்குது, கேபினெட் ஃபேன் தூங்குது: ஃபேன் எந்த சென்சார் சொல்வதைக் கேட்குது என்று பயாஸில் பாருங்க. பிராசஸர் சென்சாரை மட்டும் கேட்டால் கார்டின் கஷ்டம் அதற்குத் தெரியாது. போர்டு சென்சாருக்கு மாற்றிப் பாருங்க.

7. எல்லாம் சரி, ஆனாலும் சூடு: கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் கேபினெட்டைத் திணித்திருப்போம். சுவரோடு ஒட்டி வைத்திருப்போம். தூசிக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறையை எடுக்காமலே ஆன் பண்ணியிருப்போம். பின்னால் ஒரு ஜாண் இடம் விட்டாலே பாதி நோய் தீரும்.

அளக்கும் வரிசை

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் கீழ்க்கண்ட வரிசையில் போங்க.

முதலில் அறை டெம்பரேச்சரைக் குறித்துக்கொள்ளுங்க. அடுத்து மெஷின் சும்மா இருக்கும்போது எவ்வளவு, அரை மணி வேலை கொடுத்த பிறகு எவ்வளவு என்று எழுதுங்க. விண்டோஸில் ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ, லினக்ஸில் எல்.எம். சென்சார்ஸ் என்று இலவசமாகவே கிடைக்குது. ஸ்பீடுஃபேன் என்ற பழைய சாஃப்ட்வேரைச் சிலர் இன்னும் சிபாரிசு செய்வார்கள். புது போர்டுகளின் சிப் அதற்கு அடையாளம் தெரியாது.

அடுத்தது என்னைக் காப்பாற்றிய சோதனை. வேலை கொடுத்தபடியே கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றுங்க. டெம்பரேச்சர் சட்டென்று நன்றாக இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில். கொஞ்சம்தான் இறங்குது, இன்னும் கொதிக்குது என்றால் கோளாறு சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில்.

நான் ஃபேனைச் சரியாகத் திருப்பி மாட்டிய பிறகும், கதவைத் திறந்து வைத்தும், சிப் 90-க்குக் கீழே வரவில்லை. அப்போதுதான் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் சார். சிப் 90 டிகிரி, ஹீட் சிங்க்கோ வெதுவெதுப்பா இருக்கு! சூடு ஹீட் சிங்க்குக்கு வந்து சேரவே இல்லை என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் நாலு மூலையில் ஒரு மூலையின் புஷ் பின் போர்டில் இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, காய்ந்து போன பழைய பேஸ்ட்டின் மேலேயே திரும்ப மாட்டியிருந்தேன். கழற்றி, துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாக 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். அறை 36 டிகிரி, அரை மணி முழு வேலை, சிப் 74 டிகிரி. மெஷின் அதற்கப்புறம் ஒருதடவைகூடத் தானாக ஆஃப் ஆகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் என்றால் மட்டும் ஃபேனைச் சோதிக்கலாம். தனியே 12 வோல்ட் கொடுத்துப் பாருங்க. ஓடினால் நல்ல ஃபேன். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. தெரிந்த நல்ல ஃபேனை அதே ஹெடரில் மாட்டியும் ஓடவில்லை என்றால்தான் ஹெடர் மேல் சந்தேகப்படணும்.

சில எச்சரிக்கைகள்

பல போர்டுகளில் ஒரு ஹெடர் தாங்குவது 1 ஆம்பியர்தான். ஸ்பிளிட்டரில் ஃபேன்களைச் சேர்க்கும் முன் லேபிளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்க. 0.18 ஆம்பியர் ஃபேன் மூணு சேர்ந்தால் 0.54, பயமில்லை.

புளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க. விட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுத்தி பேரிங்கைக் கெடுக்கும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வோல்டேஜைத் திருப்பி அனுப்பும்.

எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் ஓடவில்லை என்றால் பெட்டியைத் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கினால் உள்ளே கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சும்மா இருக்காது. டிப்ளமோ வாங்க உயிரோடு இருக்கணும், நண்பர்களே!

மன்னிப்பு

ஆக, பழைய ஃபேன் கெடவில்லை. புது ஃபேன்கள் ரெண்டும் கெடவில்லை. கம்ப்யூட்டரில் கோளாறு என்று இருந்தது மூணு: திருப்பி மாட்டிய ஃபேன், தப்பான மோடு, இறங்காத புஷ் பின். மூணும் என் கையால் வந்தவை. சுத்தம் செய்கிறேன் என்று திறந்த அன்னிக்கு வந்தவை.

ரிவ்யூ நல்லபடியா முடிந்த மறுநாள் கடைக்குப் போனேன். "அண்ணே, தப்பு என் பேர்லதான். அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் ஒரு மதர்போர்டில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "ஃபேன் மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை தம்பி. எதை மாத்தணும்னு தெரிஞ்சுக்கத்தான் நேரமாகும்" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

பந்தி பரிமாறின நண்பனுக்கு, தேவையில்லாமல் வாங்கின ஃபேன் காசில் அவன் பங்கை என் கைக்காசிலிருந்து கொடுத்தேன். அவன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு ஞாயித்துக்கிழமைடா" என்று மட்டும் சொன்னான்.

நாளைக்கு நம்மில் பலர் சர்வீஸ் இன்ஜினியர் என்ற பெயரில் யாரோ ஒருத்தர் வீட்டு மெஷினைத் திறக்கப் போகிறோம். 'ஃபேன் போச்சு சார், மாத்திடுங்க' என்று சொல்வது சுலபம். நம் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தை, அந்த வீட்டில் யாரோ ஒருத்தரின் ரெண்டு ஞாயித்துக்கிழமை. அதனால் மாத்தச் சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்க. மீட்டர் கையில் இல்லையா? ஊதுபத்தியாவது கொளுத்துங்க!